நட்சத்திர ஸ்டிக்கர் இல்லாத ஞாயிறு பள்ளி

ஞாயிறு பள்ளி ஆசிரியர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. விலகுகிறேன் என்று கடிதம் கொடுத்தால் மட்டும், "ஜெபம் பண்ணிட்டு முடிவெடுங்க சிஸ்டர்" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் இரண்டு முறை கொடுத்து இரண்டு முறையும் திரும்ப வாங்கியவள்.

வார நாட்களில் எனக்குச் சாங்கி விமான நிலையத்தில் வேலை, விமானத்தில் ஏறும் சரக்குக்குத் தாள்கள் சரிபார்ப்பது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் தமிழ்ச் சபையின் மாடியறை. எட்டு வயது முதல் பன்னிரண்டு வரை பதினான்கு பிள்ளைகள். உண்மை, மன்னிப்பு, பொறுமை, அன்பு என்று ஆயுசுக்கும் நிற்க வேண்டிய விஷயங்களை முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் இறக்க வேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

நீடிய பொறுமை

வசனம் ஒப்பித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று வைத்திருந்தேன். சுவரில் ஒட்டிய அட்டவணையில் ஒன்பது வயது ஜெரூஷாதான் எப்போதும் முதலிடம். ஒரு ஞாயிறு நீடிய பொறுமையைப் பற்றிய வசனத்தை ஒரு பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். "நீடிய பொறுமைன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர். இங்கிலீஷ் எழுத்துல எழுதிவச்சு மனப்பாடம் பண்ணேன்" என்றாள். மற்ற பதின்மூன்று பேரையும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் வருஷக்கணக்காக ஸ்டிக்கர் ஒட்டியது எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை.

அட்டவணையை அங்கேயே கிழித்தேன். இனி பரிசு கிடையாது. படித்ததை அந்த வாரம் எங்கே செய்தாய் என்று வந்து சொன்னால் போதும் என்றேன். மூன்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் வகுப்பில் ஒன்பது பேர்தான். போதகரே, "ஸ்டிக்கர்தானே சிஸ்டர், கொடுத்துட்டுப் போங்களேன்" என்றார். நான் அசையவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஜெரூஷா கை தூக்கினாள். "லிஃப்ட்ல தம்பி எல்லாப் பட்டனையும் அமுக்கிட்டான் டீச்சர். பன்னிரண்டு மாடி. ஒவ்வொண்ணுலயும் நின்னுச்சு. நான் அவனை அடிக்கல. ஆனா ரொம்ப நீடியதா இருந்துச்சு."

அம்மாவின் எம்சி

உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் நடத்திய வாரம். எட்டு வயது ஈதனின் அம்மா, பள்ளி விடுமுறையில் பையனை எங்கேயும் கூட்டிப் போகவில்லையே என்று, உடம்பு சரியில்லை என எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜொகூருக்குக் காரில் கிளம்பியிருக்கிறார். பாலத்தில் நெரிசல். ஆபீஸிலிருந்து போன். அம்மா ஓட்டிக்கொண்டிருந்ததால் ஈதன் எடுத்து, "மம்மிக்கு ஒண்ணும் இல்ல அங்கிள், நாங்க ஜொகூர் போறோம்" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் அம்மா வகுப்பு வாசலில் நின்றார். "வேலை போயிருந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்றார். "உங்க கஷ்டம் எனக்கு வருத்தமா இருக்கு. ஆனா சில நாளைக்கு மட்டும் பொய் பரவாயில்லன்னு நான் அவனுக்குச் சொல்லித்தர முடியாது சிஸ்டர்" என்றேன். மேலாளரிடம் போய் நடந்ததை ஒத்துக்கொண்டதாகவும், எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பித்ததாகவும் பிறகு மெதுவாகச் சொன்னார்.

பையனை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பியவர், படியில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்: "அவன் உண்மையே பேசட்டும். அடுத்தவங்க போனை எடுக்கக் கூடாதுன்னும் ஒரு பாடம் நடத்துங்க."

பிஎஸ்எல்இ வருஷம்

தொடக்கப் பள்ளி இறுதிப் பரீட்சையான பிஎஸ்எல்இ எழுதவேண்டிய வருஷம் என்று, உட்லண்ட்ஸிலிருந்து வரும் பன்னிரண்டு வயது மெர்சியை அவள் அப்பா திடீரென்று நிறுத்திவிட்டார். ஞாயிறு காலையில் டியூஷனாம். போன் செய்தேன். "கடவுள் ஒரு வருஷம் வெயிட் பண்ணுவாரு லா சிஸ்டர். பரீட்சை பண்ணாது" என்றார். நான் விடுவதாக இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம் மட்டும் கேட்டு வாங்கினேன். அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல் மேசையில் நானும் மெர்சியும் உட்காருவோம். அவர் மேலே நடைபாதையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆறாவது வாரம் அவரே இறங்கி வந்தார். கையில் எனக்கு, பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான கோப்பி. "இருபது நிமிஷத்துக்காக எதுக்கு சிஸ்டர் இவ்வளவு தூரம்?" என்றார். "பரீட்சை முடிஞ்சிரும். அதுக்கப்புறமும் அவளுக்குப் பயம் வரும். அப்ப யார்கிட்ட போகணும்னு தெரிஞ்சிருக்கணும்ல" என்றேன். அவர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். மகளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க. அவளைவிட எனக்குத்தான் பயமா இருக்கு."

மன்னிப்பு

அபிகாயிலுக்குப் பத்து வயது. வீடு புக்கிட் பாஞ்சாங்கில். போன வருஷம் அப்பா தனியாகப் போய்விட்டார். மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து கேட்டாள். "சாரியே சொல்லாதவங்களையும் மன்னிக்கணுமா டீச்சர்?" யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் கையேட்டில் இதற்கு இரண்டு வரியில் பதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாசிக்க என்னால் முடியவில்லை. மூடி வைத்தேன்.

"மன்னிக்கணும்னுதான் நான் நம்புறேன். ஆனா எனக்கு ஒருத்தரை மன்னிக்க ஆறு வருஷம் ஆச்சு. உன்னை நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்றேன். அன்று அவள் அம்மாவுக்கு வேலை. ரயிலில் நானே வீடுவரை கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதைப் பற்றி நானாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அட்டை செய்த அன்று, அப்பாவுக்கென்று ஒன்று செய்து மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "மன்னிச்சிட்டேன்னு எழுதல டீச்சர். மன்னிக்க ஆரம்பிச்சிருக்கேன்னு எழுதியிருக்கேன்."

கடைசி பெஞ்சு

ஞானராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கப்பல் பட்டறையில் வேலை. இரவு வேலை முடிந்த கையோடு, உடைகூட மாற்ற நேரமில்லாமல் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பெற்றோரோடு அங்கே உட்கார்ந்திருந்த ஈதன் ஒருநாள், "இந்த அங்கிள்கிட்ட வாடை வருது" என்று சத்தமாகச் சொல்லி இடம் மாறினான். அடுத்த வாரம் ஞானராஜ் உள்ளே வரவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பிரசங்கத்தைக் கேட்டார்.

ஈதனைக் கூப்பிட்டேன். "உண்மையைத்தானே டீச்சர் சொன்னேன்?" என்றான். என் பாடத்தை என் மேலேயே திருப்பிவிட்டான். அந்த உண்மையால் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அது உனக்குச் சரியாகப் படுகிறதா என்று கேட்டேன். கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். முதலில் நான் ஞானராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஈதன் கேட்டான். "பரவால்ல தம்பி" என்றாரே தவிர அவர் எழுந்திருக்கவில்லை. சரி, அவர் உள்ளே வரும்வரை நாமும் இங்கேதான் என்று ஈதனிடம் சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறு மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் கதை பேசினார்கள். நான்காவது ஞாயிறு ஈதன் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனான், நேரே முதல் பெஞ்சுக்கு.

அன்று ஆராதனை முடிந்து கொஞ்ச நேரத்தில் என்னிடம் ஓடிவந்தான். "டீச்சர், அங்கிளுக்கு என் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு வருஷமா அவளை நேர்ல பாக்கலயாம். இப்ப வீடியோ கால்ல நான்தான் அவகிட்ட சொன்னேன், உங்க அப்பா இன்னைக்கு முன்னாடி உக்காந்தாருன்னு."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மூன்றாவது விலகல் கடிதம் எழுதாமல் இருக்கிறேன் என்றால், பெரியவர்களுக்கு நேரடியாக அறிவுரை சொல்லி அடி வாங்காமல் தப்பிக்க, அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைவிடப் பாதுகாப்பான வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.