ஐந்தரை மணிக்குத்தான் கைக்கு வரும் போன்

பட்டன் போன் காலம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டி, சாயங்காலத்துக்குள் என் கட்டைவிரல் மரத்துப்போகும்...

சிவகாசியில் ஒரு தொலைதூரக் கல்வி மையத்தில் அப்போது எனக்கு வேலை. மாணவர்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். சோர்ந்துபோகிறவர்களைப் போனில் பேசித் தேற்ற வேண்டும். தினமும் காலை பத்து மணிக்கு, டீ வந்ததும் ஆரம்பிப்பேன்.

"அசைன்மென்ட் தர இன்றே கடைசி. நாலு மணிக்குள் வரவும்."

தாயில்பட்டி மாரியம்மாள் இரண்டு தடவை வரவில்லை. பி.ஏ. கடைசி வருஷம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"பட்டாசு கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்லா மேடம். காலையில வேன் டிரைவர்ட்ட குடுத்தா, அஞ்சரைக்குத்தான் கைக்கு வரும். நீங்க உள்ளூர்க்காரக, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்... விடுங்க, இனி நமக்குப் படிப்பு சரிப்படாது."

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்ததே சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில். எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குப் போனவர்கள். பத்து மணிக்கு டீயைக் குடித்துக்கொண்டு நான் யாருக்கு மெசேஜ் போட்டேன்? வெட்கமாக இருந்தது.

மையத்தில் கெஞ்சி அவளுக்கு ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். அதன்பிறகு வேன் கிளம்பும் ஐந்தரைக்குத்தான் கூப்பிடுவேன். அவள் ஸ்பீக்கரில் போடுவாள். வேன் இரைச்சலுக்கு மேலே நான் பாடத்தைக் கத்துவேன்.

நடுவில் இன்னொரு குரல் வரும். "மேடம், பின்சீட்டுக்குக் கேக்கலையாம். இன்னொருக்கா சொல்லுங்க."

படிப்பிலேயே சேராத பெண்கள்... அவர்களுக்கும் சேர்த்து இன்னொருக்கா சொல்வேன்.

மாரியம்மாள் பாஸானாள். ரிசல்ட் அன்று வேனில் இருந்த அத்தனை பேரும் போனை மாற்றி மாற்றி வாங்கிப் பேசினார்கள். மறு வருஷம் அவர்களில் மூன்று பேர் விண்ணப்பம் வாங்க வந்தார்கள்.

இப்போது வாட்ஸ்அப் குரூப். பாடம் வீடியோவாகவே போகிறது. அவரவருக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

போன மாசம் ஒரு பெண் கடைசிப் பரீட்சைக்கு வரவில்லை. நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாக "ஓகே மேடம்" என்று பதில் போடுகிறவள். என்ன ஆச்சோ என்று கூப்பிடப் போனபோதுதான் உறைத்தது...

இரண்டு வருஷத்தில் நான் அவள் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.