ஆண்டை மட்டும் திருத்தினேன்

இன்று காலை 7.40 மணிப் பேருந்து 7.52க்குத்தான் கள்ளக்குறிச்சியை விட்டுப் புறப்பட்டது. சங்கராபுரம் செல்லும் அவ்வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பற்றினார்.

"மேனேஜர் சார்! என்னத் தெரிலீங்களா? டிரைவர் ஏழுமலை."

தனியார் பேருந்து நிறுவனமொன்றில் நான் மேலாளராக இருந்தபோது எங்களிடம் ஓட்டுநராக இருந்தவர். வலது கால் மடங்காமல் நடைவழியில் நீண்டிருந்தது.

முன் இருக்கையிலிருந்த மகளிடம் பெருமையாகச் சொன்னார்.

"சார் ஷெட்டுக்குள்ள வந்தாலே எல்லாருக்கும் ஒரு தெம்பும்மா. இடஒதுக்கீட்டுப் போராட்டம், ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. ஒருத்தனும் வண்டி எடுக்கல. சார் சிரிச்சிக்கினே வந்து, 'ரோடு கிளியர் ஏழுமலை, நம்ம வண்டி போவும்'னாரு. அந்தத் தெம்புலதான் எடுத்தேன். எண்பத்தாறுல."

"எண்பத்தேழு," என்றேன். "செப்டம்பர்."

"பாத்தியா, சாருக்கு இன்னா ஞாபகம்!"

அன்று விடியற்காலையில், ஊர் எல்லையைத் தாண்டியதும், சாலையில் கிடந்த புளியமரத்தில் அவர் வண்டி மோதியது. வழி திறந்துவிட்டதாக எனக்கு எவரும் தெரிவித்திருக்கவில்லை. தொழிலாளர் சோர்ந்துவிடக் கூடாதென்று நானாகச் சொன்னது அது.

சங்கராபுரத்தில் இறங்குமுன் கும்பிட்டார். "காலு மடங்கலன்னா இன்னா சார், அது யாரு தப்பு? உங்கள மாதிரி மேனேஜர் அப்புறம் வரவே இல்லீங்க."

ஆண்டைத் திருத்தியவன், அதைத் திருத்தவில்லை.

தலைவரின் உற்சாகமே பணியிடத்தின் உயிர் என்று தினமும் காலையில் பதிவிடும் நண்பர்களே, உங்கள் ஏழுமலை எந்தப் பேருந்தில் வருகிறார்?