பிரித்து விட இடம்

தெருவில் அவருக்கு ‘அங்குலம் அக்கா’ என்று பெயர். வளரும் பிள்ளைகளுக்குத் தைத்தால், பின்னால் பிரித்து விட வசதியாக உள்ளே இரண்டு அங்குலத் துணி விடாமல் அவருக்குக் கை வராது. மகளுக்கு லேப்டாப் வாங்கவும் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றாமல்தான் கிளம்பிப் போனார்.

கடைக்காரர் மெல்லியதாக ஒன்றை இரண்டே விரலில் தூக்கிக் காட்டினார். “வெயிட்டே இல்லக்கா.” மகளின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

“நாளைக்குப் பத்தலைன்னா பிரிச்சுப் பெருசாக்கலாமா?” என்று கேட்டார் அக்கா.

“மெமரியா? இதுல முடியாது, போர்டோட ஒட்டியிருக்கு. அதோ அந்தத் தடியன்ல காலி இடம் இருக்கு, இன்னொண்ணு சொருகிக்கலாம்.”

“அப்ப தடியனையே குடுங்க.”

மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “சட்டைதான் தொளதொளன்னு போடுறேன். லேப்டாப்புமாம்மா?”

பில் போட்டு முடித்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். தொப்பைக்கு மேல் அவருடைய சட்டைப் பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. “அக்கா, டேப்பைப் பார்த்தேன். இதைக் கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா?”

அக்கா சட்டை ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

“முடியாது தம்பி. இதுவும் உங்க மெல்லிசு லேப்டாப் மாதிரிதான். உள்ள ஒண்ணுமே விடல.”