பாதியில் நின்ற முள்

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மாப்பிள்ளை இல்லாமலே தட்டு மாற்றியாகிவிட்டது. டீசல் தீர்ந்து லாரி உசிலம்பட்டி ரோட்டில் நின்றுவிட்டது என்றார்.

"டீசல் மீட்டர்ல முள்ளு பாதியில நின்னுச்சு மாமா. அத நம்பித்தான் வந்தேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நானும் நம்பவில்லை. லோடு கிடைத்தால் கல்யாணமா கருமாதியா என்று பார்க்காமல் கிளம்புகிற மனிதர் அவர். வழியில் ஏதோ லோடு அடித்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

திருநகர் வீட்டுக்குத் திரும்பியதும் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அவரும் வலிய வந்து பேசவில்லை. எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நின்ற லாரியைக் குடைந்துகொண்டிருந்தவர், அடுப்படிப் பக்கம் வந்து நின்றார்.

"இந்தா, செத்த வண்டியில ஏறி உக்காரு. முள்ளு எங்க நிக்கிதுன்னு பாத்துச் சொல்ல ஆள் வேணும்."

ஒருவர் டேங்கிடமும் ஒருவர் மீட்டரிடமும் இருந்து பார்க்க வேண்டிய வேலை அது. வேறு ஆள் இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். சாவி போட்டிருந்தது. முள் பாதியில் நின்றது. அவர் ஒரு குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்து ஜன்னல் வழியே காட்டினார். நுனி மட்டும் நனைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது, என் மேலேயே.

டேங்கின் மேலிருந்த ஒயரைக் கழற்றினார்.

"இப்ப?"

"விழுந்துருச்சு."

அந்த ஒயரை வண்டியின் இரும்பில் தொட்டார்.

"இப்ப?"

"மேல ஏறிருச்சு."

"அப்ப மீட்டரு நல்லாருக்கு. ஒயரும் நல்லாருக்கு" என்றார் தனக்குத்தானே. பிறகு திருகாணிகளைக் கழற்றி, டேங்குக்குள் டீசலோடு ஏறி இறங்கும் மிதவையைக் கம்பியோடு வெளியே எடுத்தார். ஒயரை மறுபடி மாட்டி, கம்பியைக் கையால் மேலும் கீழும் அசைத்தார். முள்ளும் கூடவே ஏறி இறங்கியது.

"அடி வரைக்கும் வருதா?"

"வருது."

திரும்ப டேங்குக்குள் வைத்து முடுக்கினார். முள் மறுபடி பாதியில் வந்து நின்றுகொண்டது. அவர் கீழேயே உட்கார்ந்து பீடி பற்ற வைக்கப் போனார். "டேங்கத் தொறந்து வச்சுக்கிட்டா?" என்று சத்தம் போட்டேன். பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

"வெளிய இருந்தா எறங்குது, உள்ள போனா எறங்கல. உள்ள என்னமோ தடுக்குதுங்க" என்றேன்.

டீசல் ஊற்றும் வாயில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைக்கு மேல் போகவில்லை. கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு நான் விட்டேன். தோள் வரை போனது. டீசல் அலம்பாமல் இருக்க உள்ளே குறுக்காக ஒரு தகடு பற்றவைத்திருப்பார்களாம். அது ஒரு பக்கம் விட்டுச் சாய்ந்து கிடந்தது. மிதவையின் கம்பி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. டீசல் எவ்வளவு இறங்கினாலும் மிதவை அதற்குக் கீழே போக வழியில்லை.

"சாஞ்சு கெடக்கு" என்றேன். அவர் வளையல்களைப் பிடித்தபடி நின்றார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவர் குத்திக்காட்டவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் கப்பலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் டேங்கை இறக்கி, கழுவி, ஆவி போகும்வரை காயப்போட்டுத் தகட்டைப் பற்றவைத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பட்டறைக்காரர் கொடுத்த டீயைக் குடித்தோம். என் கையில் டீசல் வாடை அடித்தது.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

"அதெல்லாம் சரி ஆத்தா. விசேசத்துக்கு வாரவன் டீசல அடிச்சுட்டுத்தான கெளம்பணும்?"

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான சொல்றாரு" என்றார். கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.