நாகநாதன் வளைத்த வாள்

ஜெலுத்தோங் நாகநாதனுக்கு வாயை மூடத் தெரியாது. இதை ஊர் சொல்லவில்லை, அவரே சொல்வார். "கடவுள் எனக்குப் புத்தியை அளந்து குடுத்திட்டு, மிச்சத்தையெல்லாம் வாயில கொட்டிட்டார்" என்பார்.

கடல் கடந்து வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். கப்பல் கம்பெனி கிளார்க். ஜப்பான்காரன் வந்ததும் கம்பெனி மூடிவிட, கொல்லையில் மரவள்ளி நட்டுப் பிழைத்தார். ஆனால் பழைய ராணுவச் சாமான் பைத்தியம் மட்டும் விட்டபாடில்லை. வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டு ஓடியதெல்லாம் ரோப்வாக் தெருப் பழைய சாமான் கடைகளில் குவிந்து கிடந்த காலம் அது. விவரமானவன் கம்பளி தேடினான், பூட்ஸ் தேடினான். நம் ஆள் ஒரு பித்தளைப் பொத்தானைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு கடைக்காரருக்கே ரெஜிமெண்ட் பாடம் நடத்துவார். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு விலையை ஏற்றுவார்.

அங்கேதான் அந்த வாள் அகப்பட்டது. பிடியில் கிரீடம், அலகில் துரு. காலில் கிடந்த ஒரே சோடிச் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு வீடு வந்தார்.

"இஞ்சருங்கோ, சப்பாத்து எங்க?" என்றாள் மனைவி யோகலட்சுமி.

"சப்பாத்தை விடும். எங்கட துறைமுகக் கோட்டை கட்டேக்க காவல் நிண்ட காப்டன்ர வாள் இது!"

"அந்தக் காப்டனிட்ட அரிசி ஏதும் இருந்ததோ எண்டு கேட்டனீங்களோ?"

ஆயுதம் வைத்திருந்தால் தலை போகும் என்று ஊரெல்லாம் அறிவிப்பு. மனிதர் வாளைக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். வாயை எங்கே ஒளிப்பது? கோப்பிக் கடையில் நாலு பேர் சேர்ந்தால் போதும், காப்டன் கதை அவிழ்ந்துவிடும். கடைசியில் ராணுவப் போலீஸ் வந்து வாளையும் அவரையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனது. காட்டிக்கொடுத்தவனை வெளியே தேட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

ஜப்பான் அதிகாரிக்கு மொழிபெயர்க்க நின்றவன் வாசு, நிபோங் திபால்காரன். தலையைக் குனிந்தபடி முணுமுணுத்தான்.

"அண்ணே, இங்கிலீஷ்காரன் வாள்னு ஒத்துக்கிட்டா இன்னிக்கே கத முடிஞ்சிடும் லா. நாடக வாள்னு சொல்லிடுங்க."

கொடுமையைக் கேளுங்கள், அந்த நேரத்திலும் நாகநாதனுக்கு ரோஷம் வந்தது. நாடக வாளாமே! அட மடையா, தலை போகப்போகிறது, உனக்கு வாளின் மானம் கேட்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, "நாடக வாள்தான் ஐயா" என்றார்.

நிரூபி என்றார் அதிகாரி.

நல்ல எஃகை வளைத்து விட்டால் துள்ளி நிமிரும், மட்ட இரும்பு வளைந்தபடியே கிடக்கும். கோப்பிக் கடையில் இதை ஓயாமல் விளக்கியவர் அவர்தான். சொந்த வாளை மட்டும் ஒரு நாளும் வளைத்துப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதை அங்கே நின்று யோசிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

"வளைக்கிறன். நிமிர்ந்தால் என்னை வெட்டுங்கோ."

வாசு மொழிபெயர்த்தான். நாகநாதன் வாளை முழங்காலில் வைத்து இரு கையாலும் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

வாள் வளைந்தபடியே கிடந்தது. அசையக்கூட இல்லை.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். நாகநாதன் தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்து அதிகாரிக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. கன்னத்தில் ஓர் அறை விட்டு, போ என்று வாசலைக் காட்டினார்.

தெருமுனை வரைக்கும் வாசு கூடவே வந்தான்.

"உயிர் பயத்துல அழுதீங்க பாருங்கண்ணே, அதுலதான் அவன் நம்பிட்டான்."

நாகநாதன் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"உயிருக்கு அழேல்லை, தம்பி. கையை எடுக்கேக்க, அது நிமிர்ந்திட வேணுமெண்டு ஆசைப்பட்டனான்."