குறுக்கே வைத்த கால்

கஞ்சி தடவிய பட்டுப்பாவு காலை வெயிலில் காயும்போது எழும் புளித்த வாசனையோடுதான் ஆரணியில் எங்கள் தெரு விழிக்கும். தெரு நீளத்துக்கு நெடுக்கு இழைகளாக இழுத்துக் கட்டிய அந்தப் பாவின் ஓரத்தில் தலையைக் குனிந்தபடி அசையாமல் நின்றிருப்பார் என் அப்பா. எங்கள் வீட்டில் அவர் ‘நைனா’. அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிற நெசவாளி அப்படித்தான் நிற்பார் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. “இழை பாத்துகினு கீறாரு, தொந்தரவு பண்ணாத வா” என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போவாள். வேறு ஊராக இருந்தால், ஒரு மனிதர் நடுத்தெருவில் அவ்வளவு நேரம் மரமாக நிற்பதைப் பார்த்து என்ன ஏதென்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கெட்டிக்காரத் தொழிலாளி என்று மெச்சிக்கொண்டார்கள்.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்தது. நனைந்தால் பட்டு போச்சு என்பதால் தெருவே “ஜல்தி, ஜல்தி” என்று கூவிக்கொண்டு பாவைச் சுருட்ட ஓடியது. நைனா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். “இன்னாண்ணா, மழை பேஞ்சுகினு கீது, நின்னுகினு கீறியே” என்று சித்தப்பா அவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க, பாதம் பெயராமல் உடம்பு மட்டும் முன்னால் வந்து, பாவின் மேலேயே குப்புற விழுந்தார் நைனா. அவர் விழுந்ததைவிட, தூக்கி நிறுத்தியதும் அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “வரணும்னுதான்டா நானும் பாக்கறேன். காலு வரல.”

வேலூர் டாக்டர் அதற்குப் பார்கின்சன் என்று பேர் சொன்னார். நடந்துகொண்டிருக்கும்போதே, அதிலும் வாசலிலும் திரும்புகிற இடத்திலும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளுமாம். இழுத்தால் விழுந்துவிடுவார், தாண்டுவதற்கு ஏதாவது குறுக்கே இருந்தால் கால் எழும்ப வாய்ப்புண்டாம். சொன்னதோடு விடாமல், அறை வாசலில் நின்றுபோன நைனாவுக்கு முன்னால் தன் ஷூக் காலையே நீட்டினார். அத்தனை நேரம் ஆணியடித்தாற்போல் நின்றவர் அதைச் சாதாரணமாகத் தாண்டி வெளியே நடந்தார்.

அம்மா தறியில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் நீட்டுவதற்கு இருந்தது என் கால்தான். ஆனால் நைனா அதைத் தாண்ட மாட்டேன் என்றார். பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. நானோ வகுப்பிலேயே குள்ளம், ‘அரைப்படி’ என்று பட்டப்பெயர் வேறு. ஒருநாள் அவசரமாகக் கழிப்பறைக்குப் போனவர் அதன் வாசலில் நின்றுபோனார். ஓடிப்போய்க் காலை நீட்டினேன்.

“தாண்டு நைனா.”

என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வேட்டி நனைந்து ஈரம் என் பாதம்வரை வந்தது. “பரவால்ல, நீ வளரணும்” என்றார். நீட்டிய காலை மடக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். “தாண்டக்கூடாதுன்னு சொன்னவங்கதான, திரும்பித் தாண்டிட்டா சரியாப் பூடும்னும் சொன்னாங்க? போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. தீந்துது பேஜாரு.” நைனா யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த வாசலில் என் காலைத் தாண்டிப் போனாரோ, அதே வாசலில் தாண்டித்தான் திரும்பினார். டீக்கடைக்குப் போய் வந்தவர், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருந்ததும் உண்டு. தெருவே கேலி செய்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் பிளஸ் ஒன் படித்தபோது நெஞ்சில் சளி முற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்தது. தெருவாசலில் வழக்கம்போல் கால் நின்றது. நீட்டினேன், தாண்டினார். மூச்சு வாங்கிக்கொண்டே, “எங்கியும் பூடாத. வந்து தாண்டிட்றேன்” என்றார். மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கி வரும் உடம்புக்குக் கால் நீட்ட வேண்டியதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வாசலில் காலை நீட்டிக்கொண்டே நின்ற என்னைச் சித்தப்பாதான் ஓரமாக நகர்த்தினார்.

இப்போது அந்த வாசலை இடித்துவிட்டுத் தரையைச் சமமாக்கி டைல்ஸ் போட்டிருக்கிறோம். குழந்தைகளை யார் தாண்டினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நம்பிக்கையெல்லாம் எனக்கும் கிடையாது. ஆனாலும் நான் வளரவில்லை. என்னைவிட ஒரு தலை உயர்ந்துவிட்ட என் மகன், “ஏம்மா நீ மட்டும் இவ்ளோ குள்ளம்?” என்று சீண்டுவான். “உங்க தாத்தா ஒருவாட்டி தாண்டிப் போனாருடா, திரும்பி வந்து தாண்டல” என்று, அவனைச் சிரிக்க வைக்கத்தான் ஆரம்பிக்கிறேன். ஒருமுறைகூட அதை முழுதாகச் சொல்லி முடிக்க என்னால் முடிந்ததில்லை.