தம்பிக்குத் துவக்கின் பெயர் தெரியாது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல். வரை படித்தவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். கோயில் ஒன்றுகூடலில் நன்றியுரை சொல்லக் கேட்டபோது, காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தவன். எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, நான் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் ஒரு கோபம் இருக்கிறது. தானாக ஆறிவிடும் என்று பார்த்தேன், ஆறவில்லை. இனி எழுதினால் ஒருவருக்கும் கெடுதல் வராது என்று தம்பி சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த நாட்டில் துவக்குக்குப் படப் புத்தகம் இருக்கிறது. கலியாணச் சாறி தெரிவுசெய்கிற மாதிரி ஆட்கள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சான்ட்விச்சைக் கடித்தபடி பக்கம் புரட்டுகிறார்கள். மொன்றியலில் நான் வேலை செய்யும் ஜன்னல் சட்டத் தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் ஜில் அப்படித்தான் ஒருநாள் வந்து என் மேசையில் உட்கார்ந்தார். ஏழு வருடமாக அந்த மேசையில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஒருவரும் என்னை வெறுக்கவில்லை. போன்ஜூர் சொல்வார்கள், அடுத்த மேசைக்குப் போவார்கள். அவ்வளவுதான்.

ஜில்லுக்குத் தோளில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. இலையுதிர் காலத்தில் வடக்கே மூஸ் மான் வேட்டைக்குப் போக, பாரம் குறைந்த துவக்கு ஒன்று வேண்டும். ஆனால் சாதாரண வேட்டைத் துவக்கு அவருக்குப் பிடிக்காது. படைக்காரர் வைத்திருந்த வகை, ஒவ்வொரு முறை விசையை இழுக்கவும் அடுத்த குண்டு தானாக ஏறுகிற வகைதான் வேண்டும். புத்தகத்தில் மூன்று படங்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஒன்று மிகவும் இலேசானது, ஆனால் சட்டப்படி அதைச் சுடுதளத்துக்கு மட்டும்தான் கொண்டு போகலாம். மற்றது பழைய அமெரிக்கத் துவக்கைப் பார்த்துச் சீனாவில் செய்தது, குழலைக் குட்டையாக்கி மரப்பிடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போட்டது. மூன்றாவதை அவர் விரலால் தடவினார். "இது எங்கள் ஆமியிலும் இருந்தது. என் மாமா வைத்திருந்தார். இங்கே இப்போது தடை. பெரிய அநியாயம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஜோ, நீ யுத்தத்தில் இருந்து வந்தவன். நீ சொல்லு."

அந்த மூன்றாவது எஸ்.எல்.ஆர்.

மன்னாரில் ஆட்களை மறித்துச் சோதிக்கிற சென்ரி ஒன்றில் ஆமிக்காரன் ஒருவன் அதன் மரப்பிடியால் என் இடது காறை எலும்பை உடைத்தான். அது கோணலாகத்தான் பொருந்தியது. இங்கே வந்து அகதி விசாரணையில் அதைச் சொன்னேன். எந்த வகைத் துவக்கு என்று கேட்டார்கள். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகியவன் நான். எஸ்.எல்.ஆர். என்றேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. அதன் பிறகு என் எலும்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரியும், யார் சொல்லித் தந்தது, எத்தனை தரம் கையில் எடுத்தேன் என்று பின்னேரம் வரை கேட்டார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வெளியே வந்ததும் மொழிபெயர்த்த பெண் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே." என் வழக்கு தள்ளுபடி. மேன்முறையீட்டில் வெல்ல மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் மனைவி மடு அகதி முகாமில், நான் இங்கே கோட்-டெ-நெய்ஜில் ஒரு நிலக்கீழ் அறையில்.

அப்படிப் பாடம் படித்தவன் ஜில்லிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. "அது பாரம். சீனாக்காரன் செய்தது நல்லம். ஆனால் பாரம் குறைந்தால் சுடும்போது உதை கூடும், உங்கள் தோளுக்கு ரப்பர் வைக்க வேண்டும்" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். ஜில் மேசையில் தட்டிச் சிரித்தார். அடுத்த மேசையில் இருந்த இரண்டு பேரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது என் மேலேயே கோபம் வருகிறது.

ஜில் சீனத் துவக்கையே பழையதாக வாங்கினார். அதில் பின்பக்கம் குறி பார்க்கிற தகடு இல்லை. அமெரிக்கக் கடைகள் எல்லை தாண்டி அனுப்ப மறுத்தன, இங்கே தேடிய கடைகளில் இல்லை. ஒரு ஞாயிறு, புரோசார்ட் தாண்டி ஒரு ஹொக்கி மண்டபத்தில் துவக்குச் சந்தை என்று என்னையும் கூப்பிட்டார். தன் அகதி விசாரணைக்குத் திகதி வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி அன்ரனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வந்து ஒரு வருடம், எங்கள் தொழிற்சாலையில்தான் பொதி கட்டுகிறான். ஊரில் ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தை இங்கே தடைசெய்த அடுத்த வருடம் அது. தமிழ் இளைஞன் என்றாலே துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்று லோயர் சொல்லியிருந்தார். துவக்கைப் பற்றி எது கேட்டாலும் தெரியாது என்று சொல் என்று நானும் அவனுக்குத் தினமும் பாடம் நடத்தியிருந்தேன். அப்படி இருந்தும் அவனை அங்கே கொண்டுபோனேன். அவன் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை.

மேசை மேசையாகத் துவக்குகள். பெண்கள் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் டப்பாக்கள் நிறைய ஸ்பிரிங், ஆணி, தகடு. எந்த நாட்டு யுத்தத்தில் கழன்றவையோ. ஒரு பெட்டியில் பழைய மரப்பிடிகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் கீறலும் பள்ளமும். ஒரு கிழவர் அதில் ஒன்றைத் தூக்கி மணந்து பார்த்தார். என் கை தானாகக் காறை எலும்புக்குப் போனது.

ஜில் ஒரு தகட்டைக் கண்டுபிடித்து விட்டார். காசைக் கொடுக்கப் போகும்போது அன்ரன் எட்டிப் பார்த்தான். "அண்ணை, ஓட்டை ரெண்டும் பிசகு. இது பொருந்தாது எண்டு அந்தாளுக்குச் சொல்லுங்கோ."

அவன் ஊரில் வள்ளத்து எஞ்சின் திருத்தியவன். இரும்பைக் கண்டால் அவன் கண் அளவெடுக்கும், அவ்வளவுதான். நான் அதைச் சொன்னதும் விற்கிறவர் அதே வகைத் துவக்கு ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஜில் அன்ரனைக் கட்டிப் பிடித்தார், துவக்கை அவன் கையில் கொடுத்தார், கமெராவை எடுத்தார். நான் வாய் திறக்குமுன் படம் எடுத்தாயிற்று.

திரும்பி வரும்போது காரின் பின்சீற்றில் அவனிடம் மெதுவாகச் சீறினேன். "உனக்கு வாய் சும்மா கிடக்காதோ?"

"நீங்கள்தானே அந்தாளுக்குத் துவக்குத் தெரிஞ்செடுத்துக் குடுத்தனீங்கள்" என்றான். பிறகு சொன்னான்: "இங்க வந்து இண்டைக்குத்தான் அண்ணை, எனக்கு ஏதோ தெரியும் எண்டு ஒராள் நினைச்சது."

இந்த நாட்டுக்காரர் யாரிடமாவது நற்சான்றுக் கடிதம் வாங்கி வரும்படி லோயர் சொல்லியிருந்தார். மூன்று நாள் கூச்சப்பட்டு ஜில்லிடம் கேட்டேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். விசாரணைக்கு முதல் நாள் காலை, வேலை தொடங்குமுன், என்னிடம் கடித உறையைத் தந்தார். எனக்குப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டித்தான் வரும். தேநீர் இடைவேளையில் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அன்ரன் நேர்மையானவன், துணிச்சலானவன், ஆயுதங்களைப் பற்றி மிக நன்றாக அறிந்தவன், என் துவக்குக்குப் பாகம் தேட உதவியவன், இப்படிப்பட்டவர்கள் கெபெக்குக்குத் தேவை. கடிதத்தோடு அந்தப் படமும் இருந்தது. துவக்கோடு சிரிக்கிறான் தம்பி.

ஜில்லிடம் போனேன். கடிதத்தில் துவக்கு வேண்டாம், அதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"படம் வடிவில்லையா?"

"படம் வடிவு. வேண்டாம்."

"நான் எழுதினது பொய்யா?"

"பொய் இல்லை."

"பின்னே? உன் தம்பிக்குக் கூச்சம், உன்னைப் போல. நல்ல விஷயத்தை மறைக்கக் கூடாது ஜோ." முதுகில் தட்டினார்.

சேட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றி, கோணல் எலும்பைக் காட்டினேன். "உங்கள் புத்தகத்தில் தடை என்று சொன்னீர்களே, அது செய்தது. அதன் பெயரைச் சொன்னதற்கு மூன்று வருடம் என்னைக் காய்ச்சினார்கள். நீங்கள் பெயர் தெரிந்தால் வேட்டைக்காரன். நான் பெயர் தெரிந்தால் பயங்கரவாதி." எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது. பாதி தமிழாக இருந்திருக்கும். மெஷின்கள் நின்று, ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் என் உரத்த குரலை அவர்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

ஜில் குனிந்து என் எலும்பைப் பார்த்தார். சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "பாரமான துவக்கு அது" என்றார்.

அந்த மனிதரிடம் அதைவிட வேறு சொல் இருக்கவில்லை. கெட்டவர் இல்லை. அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் புதுக் கடிதம் தந்தார். இரண்டே வரி. அன்ரன் நேரத்துக்கு வேலைக்கு வருகிறார். அமைதியானவர். அதுவும் உண்மைதான்.

வீட்டில் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தேன். பதின்மூன்று வயது மகள் இரண்டையும் வாசித்துவிட்டு, "முதல் கடிதம்தானே அப்பா நல்லம், அதில சித்தப்பா இருக்கிறார்" என்றாள். அதைப் படத்தோடு மடித்து, என் பழைய தள்ளுபடிக் கடிதம் இருக்கிற கோப்புக்குள் வைத்து, அலுமாரியை மூடினேன். மற்றதை அன்ரனின் கோட்டுப் பைக்குள் வைத்தேன். இந்த ஊரில் ஒருவர் கட்டிப் பிடித்த தம்பி அலுமாரிக்குள் இருந்தான். இந்த ஊரில் இருக்க அனுமதி கேட்கப் போகிற தம்பி, கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெரியாது, தெரியாது" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விசாரணை நடந்தது. ஊரில் அவனைப் பிடித்தவர்கள் எந்த வகைத் துவக்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். முடிவு தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று பின்னேரம் ஜில்லுக்கு வேறொரு கடையிலிருந்து தகடு வந்தது. சரியாகப் பொருந்தியதாம்.